பதினான்காவது ஸ்லைடில் இருக்கும் பெண்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் சார் என்று ஆபீஸிலிருந்து கேட்டார்கள். நாலு வார்த்தை என்ன, நாற்பது பக்கம் அளக்கிற ஆள் நான். என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஆனால் இதை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன், மூன்று தடவையும் எழுந்துவிட்டேன். எனக்கு எழுத இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் இன்னொரு தடவை பொய் சொன்னவன் ஆவேன்.

பயிற்சியின் இரண்டாம் நாள் நான் வந்து எடுக்கும் வகுப்பில் போன வருஷம் வரை ஒரு ஸ்லைடு இருந்தது, பதினான்காவது. வெளிநாட்டில் ஒரு மருத்துவமனை, அங்கே ஒரு பெண் மருந்தாளர். கம்ப்யூட்டர் எச்சரித்தது. அவர் எச்சரிக்கையைப் படிக்காமல், காரணம் கேட்ட கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்துத் தள்ளிவிட்டார். நோயாளி சாகக் கிடந்தார். விசாரித்தபோது அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னார். இந்த இடத்தில் நான் ஒரு நொடி நிறுத்திவிட்டு, "தூக்கத்துலயே புள்ளி வைக்கிற கெட்டிக்காரி" என்பேன். அறை முழுக்கச் சிரிக்கும். ஒன்பது வருஷம் சிரித்தது.

அந்த ஸ்லைடைச் செய்தது நான். அந்தப் புள்ளியை வைத்ததும் நான்தான்.

இப்போது முதலிலிருந்து சொல்கிறேன். நான் காரைக்கால்காரன். பி.ஃபார்ம். படித்துவிட்டு மருத்துவமனை மருந்தகத்தில் பதினாறு வருஷம் மாத்திரை எண்ணியவன். அப்புறம்தான் நம் கம்பெனியில் சேர்ந்தேன். மருந்தகம் தெரிந்தவன் கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டால் அந்தக் காலத்தில் நல்ல கிராக்கி. வியட்நாமில், சைகோனில் ஒரு தனியார் மருத்துவமனை நம் சாஃப்ட்வேரை வாங்கியது. பார்த்துக்கொள்ள அங்கேயே ஓர் ஆள் வேண்டும் என்றார்கள், என்னை அனுப்பினார்கள். பேப்பரில் ஹோ சி மின் நகரம். பேச்சில் எல்லோருக்கும் சைகோன்தான், அங்கே பிறந்தவர்களுக்கும். ஒரு வருஷம் என்று போனவன் பதினான்கு வருஷம் இருந்தேன். மனைவியும் மகளும் வந்துவிட்டார்கள். மகள் அங்கேதான் படித்தாள்.

மருத்துவமனை இருந்தது பூ மி ஹங் பக்கம். உயரமான கட்டடங்கள், கொரியாக்காரர்கள், வெள்ளைக்காரர்கள், நம்மவர்களும் கொஞ்சம் பேர். தரைத்தளத்தில் மருந்தகம். அங்கே சீனியர் மருந்தாளர் லான். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அந்த ஊரில் பெயரை மொட்டையாகக் கூப்பிட மாட்டார்கள். அண்ணன், அக்கா, தம்பி என்று ஏதாவது ஒரு முறை வைத்துத்தான் பேச்சே தொடங்கும். என்னை அவர் 'ஆன்' என்பார், அண்ணன் என்று அர்த்தம். நான் அவரை 'எம்' என்பேன், தங்கச்சி மாதிரி. நிறைய நாள் அவருடைய மதியச் சோற்றுப் பெட்டியிலிருந்து வறுத்த மீன் ஒரு துண்டு என் தட்டுக்கு வந்திருக்கிறது.

அந்த மருந்தகத்தில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று அந்த ஊருடையது, இன்னொன்று நான் உண்டாக்கியது.

ஊருடையது மதியத் தூக்கம். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, அலமாரிகளுக்குப் பின்னால் பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள். ஒரு மணிக்கு டாண் என்று எழுந்து முகம் கழுவிக்கொண்டு வருவார்கள். சோம்பேறித்தனம் இல்லை. காலை ஆறரைக்கு வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். முறை வைத்து ஒருவர் மட்டும் கவுண்டரில் இருப்பார். ஆரம்பத்தில் இதை நான் கேலி செய்வேன். எனக்கு மதியத்தில் தூக்கம் வராது, அதில் ஒரு பெருமை வேறு.

நான் உண்டாக்கிய வழக்கம் லாகின். நம் சாஃப்ட்வேரின் அந்தக் காலத்து வெர்ஷனில் ஒருவர் வெளியேறி இன்னொருவர் உள்ளே வர நாலு நிமிஷம் ஆகும். கியூவில் முப்பது பேர் நிற்கும்போது நாலு நிமிஷம் யார் கொடுப்பார்கள்? அதைச் சரிசெய்யச் சொல்லிச் சென்னைக்கு எழுதினேன். அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றார்கள். சரி போ என்று நானே ஒரு வழி சொன்னேன். காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் லாகினிலேயே எல்லோரும் வேலை பாருங்கள். முதலில் வருவது எப்போதும் லான்தான். அதனால் அந்த மெஷினில் நாள் முழுக்க நடப்பதெல்லாம் லான் பெயரில் பதிவாகும். லானுக்கு இது பிடிக்கவில்லை. சொல்லிப் பார்த்தார். சாஃப்ட்வேர் ஆளே சொல்கிறான், உனக்கென்ன என்று சிரித்து அடக்கிவிட்டேன்.

எச்சரிக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீங்கள் நாளைக்கு அதோடுதான் மல்லுக்கு நிற்கப் போகிறீர்கள். டாக்டர் எழுதும் மருந்தில் ஏதாவது இடித்தால் ஸ்க்ரீனில் ஒரு கட்டம் எழும்பும். சோற்றுக்குப் பிறகு சாப்பிடு என்பதற்கும் அதே கட்டம்தான், சாப்பிட்டால் செத்துப்போவாய் என்பதற்கும் அதே கட்டம்தான். ஒரு நாளைக்கு இருநூறு தடவை எழும்பினால் யார் படிப்பார்கள்? தாண்டிப் போகக் காரணம் எழுதியாக வேண்டும். ஒரு புள்ளி வைத்தாலும் சாஃப்ட்வேர் விட்டுவிடும் என்று கண்டுபிடித்து அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்த மேதாவியும் நான்தான்.

அது சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம், அவர்கள் தேத் என்பார்கள். ஒரு வாரத்துக்கு ஊரே அடைத்துவிடும் என்பதால் அதற்கு முன்னால் மருந்து வாங்கிவிட வேண்டும் என்று கூட்டம் அலைமோதும். மதியம் கவுண்டரில் இருக்க வேண்டிய பெண்ணும் மற்ற மருந்தாளர்களும் முதல் நாளே சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். காலையிலிருந்து நின்ற லானுக்குக் கால் வீங்கியிருந்தது. முகத்தைப் பார்த்துவிட்டு நானே சொன்னேன், போய் அரை மணி நேரம் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. லான் தயங்கினார். ஏனென்றால் எனக்கு அந்த நாட்டில் மருந்து கொடுக்க லைசென்ஸ் கிடையாது. நான் கம்ப்யூட்டர் பார்க்க வந்தவன், விசாவும் அதற்குத்தான். கவுண்டரில் கை வைத்தாலே சட்டப்படி தப்பு. பதினாறு வருஷம் மாத்திரை எண்ணினவனுக்கு இது ஒரு விஷயமா என்றேன். லாகினிலிருந்து வெளியேறப் போனார். அப்படியே விட்டுவிட்டுப் போ, நாலு நிமிஷம் வீண் என்றேன். போய்ப் படுத்தார்.

பன்னிரண்டே காலுக்கு மாய் அம்மாள் என்ற தையற்காரியின் சீட்டு ஸ்க்ரீனில் வந்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போகும் வாத நோய் அவருக்கு. டாக்டர் எழுதியிருந்தது மெத்தோட்ரெக்சேட். உங்களில் மருந்தாளராக இருந்து வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்த மாத்திரையை மூட்டு வலிக்கு வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்தத்தில் அணுக்கள் வற்றி, ஆளைக் கொண்டுபோய்விடும். டாக்டர் ஸ்க்ரீனில் எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேட்கும் இடத்தில் 'தினமும்' என்பது தானாகவே நிரம்பியிருக்கும். மாற்றாவிட்டால் அப்படியே போகும். டாக்டர் அவசரத்தில் மாற்றவில்லை. அதைத் தானாக நிரம்பும்படி அமைத்துக் கொடுத்தவன் யார் என்று கேட்காதீர்கள்.

கட்டம் எழும்பியது. வாரம் ஒரு தடவை மட்டுமே கொடுக்கப்படும் மருந்து, சரிபார்க்கவும் என்று தெளிவாக எழுதியிருந்தது. என் கண் அதைப் பார்த்தது, சத்தியமாகப் பார்த்தது. மனசில் ஏறவில்லை. வெளியே டோக்கன் கூப்பிடும் சத்தம், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தலைகள். ஒரு புள்ளி வைத்தேன், தள்ளினேன், மாத்திரையை எடுத்துத் தட்டில் வைத்து ஜன்னலுக்கு அனுப்பினேன். தினமும் சாப்பிடவும் என்று வியட்நாமிய மொழியில் அச்சடித்த லேபிளை என் கையாலேயே ஒட்டினேன். ஜன்னலில் பணம் வாங்கிக்கொண்டு மருந்தை நீட்டுகிற காசாளர் பெண்ணுக்கும் எனக்கும் நடுவே தடுப்பு. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. முக்கால் மணி நேரத்தில் ஐம்பது சீட்டு முடித்தேன். லான் எழுந்து வந்தபோது கியூவே இல்லை. எப்படி என் வேகம் என்று மார்தட்டிக்கொண்டேன்.

மாய் அம்மாள் ஒன்பது நாள் தினமும் சாப்பிட்டார். ஐந்தாம் நாளே வாய் வெந்துபோயிருக்கிறது. ஆனால் அதற்குள் புத்தாண்டு வந்துவிட்டது. வருஷத்தின் முதல் நாட்களில் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் வருஷம் முழுக்க நோய் என்பது அங்கே நம்பிக்கை. மகன் எவ்வளவோ கூப்பிட்டும் அவர் கிளம்பவில்லை. நல்ல நாள் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டு, டாக்டர் எழுதியதாயிற்றே என்று மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். கொண்டுவந்தபோது காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ஒரு மாதத்துக்குப் பக்கமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்துவிட்டார். அதைச் சொல்லித்தான் இத்தனை வருஷமும் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்குப் போனவருக்கு முடியும் போயிற்று, தெம்பும் போயிற்று. அந்த மருந்தை மறுபடி கொடுக்க டாக்டர்களுக்குப் பயம். மூட்டு வலி முற்றி விரல்கள் மடங்கிக்கொண்டன. தையல் மெஷினை விற்றுவிட்டார்.

யார் அந்த மருந்தைக் கொடுத்தது என்று பார்க்கச் சொல்லி மருத்துவமனை என்னிடம்தான் வந்தது. கம்ப்யூட்டர் பதிவை எடுக்கத் தெரிந்தவன் நான்தானே. தனியாக உட்கார்ந்து எடுத்தேன். பன்னிரண்டு பதினேழு, லான், காரணம் என்ற இடத்தில் ஒரு புள்ளி. அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் யார் இருந்தது என்று யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை. அடுத்து நான் செய்த காரியத்தைச் சொல்லவே கூசுகிறது. மருந்தக கேமரா பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று வேறு எதற்கோ கேட்பது மாதிரி விசாரித்தேன். பதினைந்து நாளில் தானாக அழிந்துவிடும் என்றார்கள். அழிந்திருந்தது. அப்போது எனக்கு வந்தது நிம்மதி. ஒரு மனுஷி வார்டில் எச்சில் விழுங்க முடியாமல் கிடக்கிறாள், எனக்கு நிம்மதி.

விசாரணைக்கு ஐந்து பேர். டைரக்டர், தலைமை மருந்தாளர், நிர்வாக அதிகாரி, லான், நான். காகிதத்தை மேஜையில் வைத்தேன். லான் அதைப் படித்துவிட்டு, அந்த நேரத்தில் நான் படுத்திருந்தேன் என்றார். அப்படியென்றால் வேறு யார் என்று டைரக்டர் கேட்டார். லான் என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. மேலே இருப்பவரைச் சபையில் வைத்துக் காட்டிக்கொடுப்பது அந்த ஊரில் பண்பில்லாத காரியம். சொல்ல வேண்டியவர் தானே சொல்லிவிடுவார் என்று விட்டுக்கொடுப்பார்கள். என்னை முந்திச் சொல்ல விட்டு அவர் காத்திருந்தார். டைரக்டர் என் பக்கம் திரும்பினார். அந்த லாகினை வேறு யாராவது பயன்படுத்தியிருக்க முடியுமா என்று கேட்டார்.

நான் சொன்னேன், "பாஸ்வேர்டு என்பது அவரவர் பொறுப்பு. சிஸ்டத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது."

ஒரு பொய்கூட இல்லை பாருங்கள் இதில். அதுதான் இன்னும் கேவலம். அந்த இரண்டு வரி சொல்வதற்குள் என் தலைக்குள் ஓடியதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் மருந்து கொடுத்தவன் என்றால் வேலை செய்யும் அனுமதி ரத்து, ஒரு வாரத்தில் நாட்டை விட்டு வெளியே. மகளுக்குப் பரீட்சைக்கு மூன்று மாதம். கம்பெனிக்குக் கெட்ட பெயர். லான் உள்ளூர்க்காரி, எங்கேயாவது ஒரு வேலை கிடைத்துவிடும். இப்படி ஒரு பெண்ணின் வாழ்க்கையை அரை நிமிஷத்தில் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். லான் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் பைக் நிறுத்துமிடத்தில் என் வண்டிக்குப் பக்கத்தில் லான் நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட் பக்கமிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கையில் ஹெல்மெட். எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆன் ஏதோ பதற்றத்தில் அப்படிச் சொல்லிவிட்டார், தனியாகப் பார்த்தால் பேசுவார் என்று நிற்கிறார். நான் அவசர சிகிச்சைப் பிரிவு வழியாக வெளியே போய் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வண்டி அங்கேயே இருந்தது. லானுடைய அலமாரி காலியாக இருந்தது.

நோயாளி குடும்பத்துக்கு மருத்துவமனை எழுதிய கடிதத்தில் தவறு செய்த மருந்தாளர் என்று லானின் பெயர் போயிற்று. பெரிய மருத்துவமனை எதிலும் அவரை எடுக்கவில்லை. நான் அடுத்த மாதமே சாஃப்ட்வேரை வரிந்துகட்டிக்கொண்டு மாற்றினேன். 'தினமும்' என்று தானாக நிரம்புவதை எடுத்தேன். புள்ளி வைத்தால் தாண்ட முடியாதபடி செய்தேன். உயிர் போகிற எச்சரிக்கைக்குத் தனியாகச் சிவப்புக் கட்டம். விரல் ரேகை வைத்தால் மூன்று நொடியில் லாகின். நம் கம்பெனி அதற்காக என்னைப் பாராட்டி விருது கொடுத்தது, மாலை போட்டார்கள். அந்த நான்கும் இன்றைக்கு எத்தனையோ மருத்துவமனைகளில் இருக்கின்றன, நல்ல விஷயம்தான். ஆனால் எந்த ஓட்டையை அடைக்கிறேன் என்று யாருக்கும் சொல்லாமல் அடைத்தேன். ஏன் இந்த மாற்றம் என்று கேட்டபோதுதான் அந்த ஸ்லைடு பிறந்தது.

போன வருஷம் எனக்கு ஓய்வு. சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது விருதாகக் கொடுத்த கேடயத்தைத் துணியில் சுற்றிய என் மனைவி செல்வி, இது எதுக்குக் கொடுத்தாங்க என்று சும்மாதான் கேட்டாள். ஏனோ அன்றைக்கு வாய் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். செல்வி கேடயத்தைக் கீழே வைத்துவிட்டாள். லான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார், மகளுக்கு ஜுரம் என்றால் மருந்தோடு வந்து நிற்பார்.

"அந்தப் பொண்ணுக்கு வேலை போனப்ப உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்றாள். "எங்க பேரைச் சொல்லாதீங்க. எங்களுக்காகன்னு சொல்லிச் சொல்லித்தான் ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கீங்க."

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்குள் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் என்னோடு பிளேன் ஏற வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

லான் அந்த நகரத்தின் சீனர் பகுதியான சோலோனில், மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே ஒரு சின்ன மருந்துக் கடையில் இருக்கிறார் என்று பழைய ஆள் ஒருவர் சொன்னார். அந்த ஊரில் தெருமுனைக் கடைகளில் ஒரு வேளைக்கான மாத்திரைகளை ஒன்றாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் மேலே எதுவும் எழுத மாட்டார்கள். லான் ஒவ்வொரு பையிலும் மாத்திரையின் பெயரையும் வேளையையும் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்து நிற்பவர் முனகினார், அவர் கண்டுகொள்ளவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தபோதும் அதிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் எழுந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

என்னைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார், ஐஸ் போட்ட தேநீர் கொடுத்தார். தெரிந்த வியட்நாமிய மொழியில் பாதி, ஆங்கிலத்தில் பாதி, உளறிக் கொட்டினேன். தலையை நிமிர்த்தவே இல்லை. சொல்லி முடித்ததும் மன்னித்துவிடு என்று கேட்டேன். லான் பேனாவை மூடி வைத்தார்.

"ஆன், இதை எங்கிட்ட சொல்ல வேண்டியதே இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார். "தெரியாதவங்க ஒருத்தங்க இருக்காங்க. அவங்களுக்கு இன்னும் நான்தான்."

அப்புறம்தான் எனக்கு அந்த விஷயமே தெரிந்தது. வேலை போன பிறகு எட்டு மாதம், ஞாயிறு தவறாமல் லான் மாய் அம்மாள் வீட்டுக்குப் போயிருக்கிறார். வாய்ப்புண்ணுக்கு இதமாக மீன் கஞ்சி காய்ச்சித் தூக்கில் எடுத்துக்கொண்டு. உள்ளே வா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மகன் ஒரு நாள் சந்து முழுக்கக் கேட்கும்படி ஏசியிருக்கிறான். இவர் தூக்கை கேட்டில் மாட்டிவிட்டு வந்துவிடுவார். செய்யாத தப்புக்கு எதற்குப் போனாய் என்று கேட்டேன். அந்த லாகினைத் திறந்து வைத்துவிட்டு எழுந்தது நான்தானே என்றார். அதையும் அப்படியே விட்டுவிட்டுப் போ என்று சொன்னது நான். அதை நான் அவருக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் மருத்துவமனைக்குப் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டைரக்டர் மாறிவிட்டார். புது ஆள் படித்துவிட்டு, பழைய விஷயமாயிற்றே, இப்போது எதற்கு என்றார். எனக்கு இது பழைய விஷயம் இல்லை என்று சொல்லி, லானின் கோப்பில் சேர்த்துவிட்டதாக ஒரு காகிதம் கையில் வாங்காமல் எழுந்திருக்கவில்லை. அந்தக் காகிதத்தின் நகலை லானிடம் கொடுத்தேன். நம் ஆபீஸுக்கும் எழுதி அந்த ஸ்லைடை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்களாம். எடுத்தால் போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்த ஸ்லைடைப் பார்த்துச் சிரித்த முந்தைய வருஷப் பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள், நாற்பது ஐம்பது ஊர்களில் வேலை பார்க்கிறீர்கள். நீங்கள் சிரித்தது ஒரு நேர்மையான மருந்தாளரைப் பார்த்து.

பிள்ளைகளா, நீங்கள் எழுதப்போகும் சாஃப்ட்வேரில் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்பதெல்லாம் நொடி பிசகாமல் பதிவாகும். அந்தப் பதிவு உங்கள் கையில்தான் இருக்கும். அதை எடுத்து மேஜையில் வைக்கிறவனுக்கு, அதில் இல்லாததும் தெரிந்திருக்கும். கேட்கும் முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள். கேட்ட பிறகு என்றால் வாய் எப்படி வேறு வரியைச் சொல்லும் என்று எனக்குத் தெரியும். தப்பு எல்லோரும் செய்வோம். மாத்திரை எண்ணுகிற கை தப்பும், பொத்தானை அழுத்துகிற கையும் தப்பும். அதற்காக நான் கூனிக் குறுகவில்லை. அந்த மேஜையில் நான் சொன்ன இரண்டு வரிக்காகத்தான் குறுகுகிறேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது மாய் அம்மாளைப் பார்க்கப் போனேன். வாய்க்காலை ஒட்டிய சந்து. எழுபது வயசுக்கு மேல் இருக்கும், வாசலையொட்டி மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடங்கிய விரல்கள் மடியில் இருந்தன. உள்ளே உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். நான் யார், அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தது யார், லேபிள் ஒட்டியது யார், யார் மேல் பழியைக் கட்டினேன் என்று எல்லாம் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் முதல் நாளே எழுதிப் பாடம் செய்திருந்தேன், தப்பாகப் போய்விடக் கூடாதே என்று. அவர் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. திட்டட்டும், அடிக்கட்டும், மகனைக் கூப்பிடட்டும் என்று நான் நின்றேன்.

"அப்போ அந்தப் பொண்ணு?" என்றார்.

அவர் பேரில் ஒரு தப்பும் இல்லை என்றேன்.

"அந்தக் கஞ்சியை வாராவாரம் நாய்க்கு ஊத்தினேன்," என்றார். "அவ சந்து முனை திரும்புறதுக்குள்ள, அவ பார்க்கணும்னே ஊத்தினேன்."

லான் இதை எனக்குச் சொல்லவே இல்லை.

லான் இப்போது எங்கே இருக்கிறார் என்று மாய் அம்மாள் கேட்டார். கடையின் இடத்தைச் சொன்னேன். எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் என்று கேட்டார். ஏழு மணி என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். பொத்தான் போட விரல் வளையாமல் ரொம்ப நேரம் ஆயிற்று. போட்டுவிடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, பைக்கை எடு, சோலோன் போகணும் என்றார். நான் கேட்டுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார். "எனக்கு நேரமாச்சு."